கொழும்பில இருந்து ஸ்பெக்ட்ரோஸ்கோபி ரிசேர்ச்சுக்குப் போறது எப்பிடி? புதுசா வாற ஆக்களுக்கு

ஏ/எல் முடிச்சிட்டு ரிசல்ட்டைப் பாத்துக்கொண்டிருக்கிற பிள்ளையளும், கம்பஸ் ரெண்டாம் வருசத்தில ஸ்பெஷல் (ஒரே பாடத்தில நாலு வருசம் படிக்கிற ஒனேஸ் டிகிரி) கிடைக்குமோ கிடைக்காதோ எண்டு நிக்கிற ஆக்களும் அடிக்கடி கேக்கிறது ஒண்டைத்தான். இங்க பெரிய மெஷின் ஒண்டும் இல்லையே, இங்க இருந்து ஸ்பெக்ட்ரோஸ்கோபி படிச்சு எங்க போறது? கேக்கிறது நியாயம்தான். ஆனா மெஷின் இல்லாததால நிண்டுபோன ஆக்களை நான் அவ்வளவா காணேல்ல. கையில கிடைச்ச ஸ்பெக்ட்ரத்தை வாசிக்கப் பழகாததால பாதியில நிண்டுபோன ஆக்களைத்தான் கனக்கக் கண்டிருக்கிறன். கம்பஸ் போறதில இருந்து பிஎச்டிக்கு அப்ளை பண்ணுற வரைக்கும் என்னென்ன செய்யலாம் எண்டு கீழ எழுதுறன், ஆனா எல்லாத்துக்கும் அடியில இருக்கிறது ஒண்டுதான்: ஒரு கோடு ஏன் அந்த இடத்தில வந்தது எண்டு நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லப் பழகவேணும்.

தெரியாத ஆக்களுக்கு ரெண்டு வரியில சொல்லுறன். மூலக்கூறுக்கு ஒளியைக் காட்டினா அது சில சக்தியை மட்டும் எடுக்கும், மற்றதை விட்டிடும். எதை எவ்வளவு எடுத்தது எண்டு கீறின படம்தான் ஸ்பெக்ட்ரம், எடுத்த இடத்தில தெரியிறதுதான் கோடு. மைக்ரோவேவ் எண்டா மூலக்கூறு சுத்துறது தெரியும், இன்ஃப்ராரெட் எண்டா பிணைப்புகள் அதிருறது தெரியும், யூவி-விசிபிள் எண்டா இலத்திரன் மேல ஏறுறது தெரியும், என்எம்ஆர் எண்டா காந்தத்துக்குள்ள கரு என்ன செய்யுது எண்டு தெரியும். ராமன் எண்டது சிதறுற ஒளியைப் பாத்து அதிர்வைப் படிக்கிறது, 1928 பெப்ரவரி 28ல கல்கத்தாவில சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்டது, ரெண்டு பேரும் தமிழ்நாட்டுக்காரர்தான் எண்டது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

இந்த வேலையில ஒரு ஆளின்ட பாதை எப்பிடிப் போகும் எண்டு பாக்க ஹரி க்ரோட்டோவை எடுங்கோ. இங்கிலாந்துக்காரர், 1939ல பிறந்தவர். ஷெஃபீல்டில 1964ல பிஎச்டி முடிச்சிட்டு கனடாவில ஒட்டாவா நாஷனல் ரிசேர்ச் கவுன்சிலுக்கு போஸ்ட்டொக் (பிஎச்டிக்குப் பிறகு செய்யிற ரிசேர்ச் வேலை) போனார். அந்தக் காலத்தில ஸ்பெக்ட்ரோஸ்கோபி எண்டா எல்லாரும் பாக்கிற இடம் அது, ஹெர்ஸ்பெர்க் இருந்த இடம், அவருக்கு 1971ல இரசாயனத்துக்கு நோபல் கிடைச்சது. பிறகு அமெரிக்காவில பெல் லாப்ஸில கொஞ்சக் காலம், 1967ல சசெக்ஸ் யூனிவர்சிட்டி. அங்க இருந்து நீளமான காபன் சங்கிலி மூலக்கூறுகளின்ட மைக்ரோவேவ் கோடுகளை லாபில அளந்தார், அந்த அளவை வச்சு 1970களின்ட நடுப்பகுதியில ஒட்டாவா ஆக்களோட சேந்து ரேடியோ தொலைநோக்கியால அதே மூலக்கூறுகளை விண்வெளியில கண்டுபிடிச்சார். சங்கிலி நட்சத்திரத்தில எப்பிடி உருவாகுது எண்டு பாக்கத்தான் 1985ல டெக்சஸில ரைஸ் யூனிவர்சிட்டிக்குப் போனவர், அங்க இருந்த கேர்ல், ஸ்மோலி ரெண்டு பேரோடயும் சேந்து கிராஃபைட்டை லேசரால அடிச்சுப் பாக்க, தேடாத ஒண்டு வந்து நிண்டது: 60 காபன் அணு சேந்த பந்து. 1996ல மூண்டு பேருக்கும் நோபல்.

ஆனா எனக்கு இந்தக் கதையில பிடிச்ச இடம் நோபல் இல்லை, 1990. 60 அணு உள்ள மூலக்கூறுக்கு 174 அதிர்வு இருக்கும், அணு எண்ணிக்கையை மூண்டால பெருக்கி ஆறைக் கழிக்கிற கணக்குத்தான். ஆனா பந்து மாதிரி அவ்வளவு சமச்சீரா இருந்தா இன்ஃப்ராரெட்டில நாலே நாலு கோடுதான் தெரியவேணும் எண்டு குரூப் தியரி (சமச்சீரைக் கணக்காப் பாக்கிற மெத்ஸ்) சொல்லுது. க்ரெட்ச்மர், ஹஃப்மன் எண்ட ரெண்டு பௌதிகவியலாளர் ஹீலியம் வாயுக்குள்ள கிராஃபைட்டை மின்சாரத்தால சூடாக்கி ஆவியாக்கி எடுத்த புகைக்கரியை இன்ஃப்ராரெட்டில போட்டுப் பாத்தா அந்த நாலு கோடும் நிக்குது, 1429, 1183, 577, 528 வேவ்நம்பர் (ஒரு சென்ரிமீற்றருக்குள்ள எத்தினை அலை எண்டது) எண்டு. கரி! அடுப்புக்கரி மாதிரி ஒண்டுக்குள்ள நாலு கோட்டை எண்ணித்தான் ஆக்கள் நம்பத் தொடங்கினவை. அதுக்குப் பாவிச்ச மெஷின் இண்டைக்கு கொழும்பில இருக்கிற ஒரு சாதாரண எஃப்டிஐஆரைவிட (இன்ஃப்ராரெட் ஸ்பெக்ட்ரம் எடுக்கிற மெஷின்) பெரிசா ஒண்டும் இல்லை.

சரி, வேலைக்கு வருவம்.

எங்க படிக்கிறது

கொழும்பிலயும் பக்கத்திலயும் எண்டா முதல்ல கொழும்பு யூனிவர்சிட்டி சயன்ஸ் ஃபக்கல்ட்டி, பிறகு நுகேகொடையில ஜயவர்தனபுர, களனி, நாவலையில ஓபன் யூனிவர்சிட்டி. பயோ படிச்ச ஆக்களும் கெமிஸ்ட்ரி ஸ்பெஷல் செய்யலாம், மெத்ஸ் படிச்ச ஆக்களும் செய்யலாம். கம்பஸுக்கு எடுக்கிற இசட் ஸ்கோர் காலை வாரினா அதோட முடிஞ்சுது எண்டு யோசிக்காதேங்கோ, ராஜகிரியவில அடமன்ரேன் ஹவுஸில இன்ஸ்டிடியூட் ஒஃப் கெமிஸ்ட்ரி சிலோன் நடத்துற கெமிஸ்ட்ரி படிப்பு இருக்கு, 1979ல கிராஜுவேட்ஷிப் எண்டு தொடங்கினது, 'கிராட் கெம்' எண்டு சொல்லுவினம், நாலு வருசம், காசு கட்டிப் படிக்கவேணும். அதைப் படிச்சிட்டு வெளிநாட்டில பிஎச்டி செய்யிற ஆக்கள் கனபேர் இருக்கினம், அதால 'அது கம்பஸ் மாதிரி வராது' எண்டு டியூசன் வாசலில நிண்டு கதைக்கிற கதையளைக் காதில போடாதேங்கோ.

தமிழ் மீடியத்தில ஏ/எல் எடுத்திட்டுப் போற ஆக்களுக்கு முதல் ஆறு மாசம் இங்கிலீஸ் லெக்சர் சரியான கஷ்டமா இருக்கும், அது எல்லாருக்கும்தான். லெக்சர் முடிஞ்ச அண்டு இரவே நோட்ஸை உங்கட வசனத்தில திரும்ப எழுதினா கெதியா சரிவரும், எக்ஸாமுக்கு முதல் வாரம் எழுதினா சரிவராது.

ஸ்பெஷல் கிடைக்கிறது முதல் வருசங்களின்ட ரிசல்ட்டை வச்சு. அதால 'மூண்டாம் வருசத்தில இருந்து சீரியஸா படிப்பம்' எண்டிற பிளான் இந்தப் பாதைக்குச் சரிவராது.

பாடம் எடுக்கேக்க மெத்ஸை விட்டிடாதேங்கோ. பயோ ஆக்கள் இதில பயப்பிடுவினம், எனக்குத் தெரியும், ஆனா ஸ்பெக்ட்ரோஸ்கோபிக்கு வேணும் எண்டது மலையளவு மெத்ஸ் இல்லை. மேட்ரிக்ஸ், டிஃபரன்ஷியல் இக்குவேஷன், ஃபூரியே (ஒரு அலையைச் சின்னச் சின்ன அலைகளாப் பிரிக்கிற கணக்கு), கொஞ்சம் புள்ளிவிபரவியல், அவ்வளவும்தான். எஃப்டிஐஆரில முதல்ல இருக்கிற எஃப், ஃபூரியே எண்டவற்ற பேர்தான், டிடெக்டர் பாக்கிறது ஸ்பெக்ட்ரத்தை இல்லை, மெஷினுக்குள்ள இருக்கிற முகம்பாக்கிற மாதிரிக் கண்ணாடி ஒண்டு அசைய அசைய வாற ஒரு அலையத்தான், அதைக் கணக்குப் போட்டு ஸ்பெக்ட்ரமா மாத்திறது கொம்பியூட்டர். இது விளங்காட்டி ரெசலூசன் எண்டா என்ன, ஏன் கூட்டினா நேரம் கூடுது எண்டு கடைசி வரைக்கும் விளங்காது. கண்ணாடி எவ்வளவு தூரம் நகருதோ அவ்வளவுக்கு நுணுக்கமா பிரிச்சுக் காட்டும், அதான் விசயம்.

முதல் உண்மையான பயிற்சி: எச்சிஎல்

இதில கொஞ்சம் நிண்டு எழுதப்போறன், ஏனெண்டா இதை ஒழுங்காச் செய்த பிள்ளையையும் செய்யாத பிள்ளையையும் பத்து நிமிசம் கதைச்சாலே பிரிச்சுக் கண்டுபிடிக்கலாம்.

ஐதரசன் குளோரைட்டு வாயுவின்ட இன்ஃப்ராரெட் ஸ்பெக்ட்ரம் ஒண்டை எடுங்கோ. உங்கட லாபில காஸ் செல் (வாயுவை அடைச்சு வைக்கிற குழாய்) இருந்தா டெமோவில காட்டுவினம், இல்லாட்டி ஒன்லைனில தேடினா தரவாவே கிடைக்கும், ஹிட்ரான் எண்ட தரவுத்தளத்தில காசில்லாமல் ரெஜிஸ்டர் பண்ணி எடுக்கலாம். 2886 வேவ்நம்பருக்குக் கிட்ட நடுவில ஒரு வெறும் இடம் இருக்கும். அதுக்கு ரெண்டு பக்கமும் வேலி மாதிரி கோடுகள் வரிசையா நிக்கும். நடுவில ஏன் வெறுமை? சுழற்சி மாறாமல் அதிர்வு மட்டும் மாறுறதுக்கு இந்த மூலக்கூறுக்கு அனுமதி இல்லை, அதாலதான்.

இப்ப பக்கத்துப் பக்கத்துக் கோடுகளின்ட இடைவெளியை அளவுங்கோ. 21 வேவ்நம்பர் மாதிரி வரும். அது 2B, B எண்டது மூலக்கூறின்ட சுழற்சி மாறிலி. அப்ப B ஏறக்குறைய 10.4. இதில இருந்து நிலைமத் திருப்பம், அதில இருந்து பிணைப்பு நீளம். 16.86ஐ B ஆல பிரிச்சா அணுத்திணிவு அலகிலயும் அங்ஸ்ட்ரத்திலயும் நிலைமத் திருப்பம் வரும், அதை ஒடுக்கிய திணிவு (ரெண்டு அணுத்திணிவையும் பெருக்கி, கூட்டுத்தொகையால பிரிச்சது) 0.98ஆல பிரிச்சு வர்க்கமூலம் எடுத்தா 1.28, 1.29 அங்ஸ்ட்ரம் எண்டு வரும். கண்ணால பாக்கேலாத ஒண்டின்ட நீளத்தை அடிமட்டம் வச்சு பேப்பரில அளந்து எடுத்திட்டீங்கள்.

இதோட நிப்பாட்டினா அரைவாசிதான். அட்டவணையில பாத்தா 1.27 எண்டு இருக்கும், உங்களுக்கு ஏன் கொஞ்சம் கூட வந்தது? அதிர்வு பூச்சியத்துக்கு இறங்கிறதே இல்லை, கீழ்மட்டத்திலயும் பிணைப்பு நீண்டு குறுகிக்கொண்டுதான் இருக்கும், நீங்கள் அளந்தது அந்தச் சராசரியை, அட்டவணை சொல்லுறது குழியின்ட அடியில இருக்கிற நீளத்தை. அடுத்தது, கோடுகளின்ட இடைவெளி ஒருபக்கம் போகப்போக சுருங்குது, மற்றப்பக்கம் விரியுது, ஏன்? மேல்மட்டத்தில பிணைப்பு இன்னும் நீளம், B குறைவு. அடுத்தது, நல்ல ரெசலூசனில பாத்தா ஒவ்வொரு கோடும் ஜோடி, பெரிசு ஒண்டு, பக்கத்தில 2 வேவ்நம்பர் தள்ளி சின்னன் ஒண்டு, உயர விகிதம் மூண்டுக்கு ஒண்டு. குளோரின் 35, குளோரின் 37. மெஷினில ரெசலூசன் 4 எண்டு வச்சா இந்த ஜோடி தெரியவே தெரியாது, 1 அல்லது அதுக்குக் கீழ வைக்கவேணும். ஏ/எல்லில சராசரி அணுத்திணிவு 35.5 எண்டு பாடமாக்கின விசயம் இங்க கண்ணுக்கு முன்னால நிக்குது.

ஒரு வாயு, ஒரு ஸ்பெக்ட்ரம், அதுக்குள்ள இவ்வளவும் கிடக்கு. இதை முடிச்சிட்டு காபன் மொனொக்சைட்டைச் செய்யுங்கோ, பிறகு காபனீரொட்சைட்டு. காபனீரொட்சைட்டில ஒண்டுவிட்டு ஒரு கோடு காணாமல் போயிருக்கும், ஏன் எண்டு உங்கட சேரிட்டயோ மிஸ்ஸிட்டயோ கேக்கிறதுக்கு முதல் ஒரு கிழமை நீங்களே யோசியுங்கோ. ஒட்சிசன் கருவின்ட ஸ்பின் எண்டு ஒரு துப்புத் தாறன், மிச்சம் உங்கட பாடு.

லாபில கை பழகிறது, அதுவும் இந்த ஊர்க் காத்தில

கொழும்பில ஸ்பெக்ட்ரோஸ்கோபி செய்யிற ஆளுக்கு முதல் எதிரி ஈரப்பதன். கடல் காத்து, மழை, ஏசி நிப்பாட்டின லாப். இதை எந்த வெளிநாட்டு வழிகாட்டியிலயும் பெரிசா எழுதமாட்டினம், அவையளுக்கு அது பிரச்சினையே இல்லை.

பொட்டாசியம் புரோமைட்டு பெல்லட் எண்டு ஒண்டு இருக்கு. 1 அல்லது 2 மில்லிகிராம் சாம்பிளை 100, 200 மில்லிகிராம் உப்போட அரைச்சு பிரஸ்ஸில வச்சு அமத்தி கண்ணாடி மாதிரி வட்டு செய்யிறது. உப்பு இன்ஃப்ராரெட்டை உறிஞ்சாது, 400 வரைக்கும் தெளிவா விடும், அதான் அதைப் பாவிக்கிறது. ஆனா அது தண்ணியை இழுக்கும். நொவெம்பர் மழைக்க ஜன்னலைத் திறந்து வச்சு ஆறுதலா அரைச்சீங்களெண்டா பெல்லட் பாலாடை மாதிரி வெள்ளையாத்தான் வரும், ஸ்பெக்ட்ரத்தில 3400 கிட்ட அகலமா ஒரு மேடு, 1640 கிட்ட இன்னொண்டு. புதுசா வாற பிள்ளை உடன 'ஓஎச் கூட்டம் இருக்கு' எண்டு ரிப்போட்டில எழுதும். ஓஎச் இருக்குதான், அது மழைத்தண்ணியின்ட ஓஎச்.

அதால என்ன செய்யிறது எண்டா, உப்பை ஒவனில 110 பாகையில காயவச்சு டெசிக்கேட்டருக்குள்ள (ஈரம் புகாத மூடின பாத்திரம்) வையுங்கோ, சிலிக்கா ஜெல் நீலத்தில இருந்து ரோஸ் நிறத்துக்கு மாறினா அதையும் ஒவனில போடுங்கோ, அரைக்கிறதைக் கெதியா முடியுங்கோ, எல்லாத்துக்கும் மேல சாம்பிள் இல்லாமல் வெறும் உப்பில ஒரு பெல்லட் செய்து அதின்ட ஸ்பெக்ட்ரத்தையும் எடுத்து வையுங்கோ. சந்தேகம் வந்தா ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பாக்கலாம். இப்ப ஏடிஆர் வந்த பிறகு கனபேர் பெல்லட் செய்யிறதே இல்லை, வைரத்துக்கு மேல சாம்பிளை வச்சு அமத்தினா சரி, எனக்கும் அதுதான் வசதி. ஆனா ஏடிஆரில கோட்டின்ட உயரங்கள் மாறும், அலைநீளம் கூடக்கூட ஒளி ஆழமாப் போகும், அதால பெல்லட் ஸ்பெக்ட்ரத்தோட நேரா ஒப்பிடேக்க ஏடிஆர் கரெக்சன் போடவேணும்.

மெஷினுக்குள்ளயும் அதே உப்பாலதான் ஜன்னலும் பீம்ஸ்ப்ளிட்டரும் செய்திருப்பினம். நீண்ட லீவில கரண்டை நிப்பாட்டிப் போட்டுப் போனா உள்ள ஈரம் பிடிச்சு மங்கிப் போகும், மாத்திறதெண்டா காசு சும்மா இல்லை. உங்கட லாபில டெக்னிக்கல் ஒபீசர் ஐயா ஒருத்தர் மெஷினை நிப்பாட்ட விடாமல் கத்திக்கொண்டு திரிவார் எண்டா அவர் சொல்லுறது முழுக்க சரி. அவரோட நல்லா இருங்கோ. உண்மையிலேயே சொல்லுறன், லாபில புரொஃபெசரைவிட உங்களுக்கு முதல் தேவைப்படுற ஆள் அவர்தான், மெஷின் எப்ப வெறுமையா இருக்கும், எந்தக் கிளாம்ப் இறுகாது, போன வருசம் ஆர் எதை உடைச்சது எல்லாம் அவருக்குத் தெரியும்.

ஒவ்வொரு நாளும் வேலை தொடங்க முதல் பொலிஸ்டைரீன் பிலிம் ஒண்டைப் போட்டுப் பாருங்கோ, 1601ல ஒரு கூர்மையான கோடு வரவேணும். அது நகர்ந்திருந்தா அண்டைக்கு எடுக்கிற எதையும் நம்பாதேங்கோ.

யூவி-விசிபிளில சொல்ல இருக்கிறது கொஞ்சம்தான். 300 நானோமீற்றருக்குக் கீழ போறதெண்டா கண்ணாடிக் குவெட் (கரைசல் ஊத்திற சின்னப் பெட்டி) சரிவராது, குவாட்ஸ் வேணும். தெளிவான பக்கத்தில கை வைக்காதேங்கோ. அப்சோபன்ஸ் 2 எண்டா நூறில ஒரு பங்கு ஒளிதான் டிடெக்டருக்குப் போகுது எண்டு அர்த்தம், அந்த இலக்கத்தில தசமத்துக்குப் பிறகு வாறதை நம்பி கிராஃப் கீறாதேங்கோ, கரைசலை ஐதாக்குங்கோ.

வீட்டில லப்டொப் இருந்தா

லாப் பூட்டின நேரத்தில, ஸ்ட்ரைக் நேரத்தில (அது எங்கட நாட்டில குறைவே இல்லை) செய்யக்கூடிய வேலை இது. மூலக்கூறின்ட அதிர்வைக் கணக்குப் போடுற புரோகிராம்களில ஒர்கா கல்வித் தேவைக்கு இலவசம், சை4 முழுக்க ஓபன் சோர்ஸ், மூலக்கூறு கீறுறதுக்கு அவகாட்ரோ. தண்ணியில தொடங்குங்கோ. மூண்டு அதிர்வு வரும், அளந்த பெறுமானம் 1595, 3657, 3756. பி3லிப் எண்ட கணக்கு முறையில சின்ன பேசிஸ் செட்டோட (இலத்திரனைக் காட்டப் பாவிக்கிற கணிதச் சார்புகளின்ட கூட்டம்) கணக்குப் போட்டா மூண்டும் கூடத்தான் வரும், ஏனெண்டா கொம்பியூட்டர் பிணைப்பை இலட்சிய ஸ்பிரிங் எண்டு நினைக்குது, உண்மையான பிணைப்பு இழுக்க இழுக்க இளகும். அதாலதான் ஆக்கள் 0.96 மாதிரி ஒரு இலக்கத்தால பெருக்கிப்போட்டு ஒப்பிடுவினம். அந்த இலக்கம் முறைக்கும் பேசிஸ் செட்டுக்கும் ஏத்த மாதிரி மாறும், கண்டபாட்டுக்கு ஒண்டை எடுத்துப் போடாதேங்கோ.

பைதனும் பழகுங்கோ. நம்பை, சைபை எண்ட லைப்ரரிகளை வச்சு ஒரு ஸ்பெக்ட்ரத்தை வாசிச்சு பேஸ்லைன் (கோடு இல்லாத இடத்தின்ட அடிமட்டம்) கழிச்சு பீக் பொருத்திற அளவுக்குத் தெரிஞ்சா போதும். எக்செலில செய்யலாம்தான், ஆனா இருநூறு ஸ்பெக்ட்ரம் வந்தா அழுவீங்கள். ஒப்பிட்டுப் பாக்க நிஸ்ட் வெப்புக், ஜப்பான்காரற்ற எஸ்டிபிஎஸ் எண்ட ரெண்டு ஒன்லைன் தரவுத்தளமும் இலவசம்.

ப்ரொஜெக்ட் எடுக்கிறது

நாலாம் வருச ரிசேர்ச் ப்ரொஜெக்ட்தான் உங்கட முதல் உண்மையான ரிசேர்ச். இங்க கனபேர் 'நனோ' எண்டு பேரில இருக்கிறதா பாத்து ஓடுவினம். ஓடுங்கோ, பிழை இல்லை, ஆனா கேள்வி சின்னனா, விடை சொல்லக்கூடியதா இருக்கவேணும்.

எங்கட ஊருக்கே உரிய ஒண்டைச் சொல்லுறன். தேங்காய் எண்ணெயில பாம் ஒயில் கலக்கிறது. தேங்காய் எண்ணெயில கிட்டத்தட்ட 90 வீதம் நிரம்பிய கொழுப்பமிலம், இரட்டைப் பிணைப்பு மெத்தக் குறைவு, பாம் ஒயிலில பாதியளவு நிரம்பாதது. இரட்டைப் பிணைப்புக் காபனில இருக்கிற ஐதரசன் 3005 வேவ்நம்பர் கிட்ட சின்ன ஒரு தோளாத் தெரியும். சுத்தமான தேங்காய் எண்ணெயில அது கிட்டத்தட்ட இல்லை, பாம் ஒயிலில வடிவாத் தெரியும். வெள்ளவத்தை மார்க்கெட்டில ஒரு போத்தல், கடையில ஒரு போத்தல், ஊரில செக்கில ஆட்டினது ஒண்டு எண்டு வாங்கினா சாம்பிள் ரெடி. பாதிக்குப் பாதி கலந்தா கண்ணாலயே கண்டுபிடிக்கலாம். ஆனா நூறுக்கு அஞ்சு கலந்தா? அங்கதான் ரிசேர்ச் தொடங்குது. முழு ஸ்பெக்ட்ரத்தையும் புள்ளிவிபரமா எடுத்து பிசிஏ, பிஎல்எஸ் எண்ட புள்ளிவிபரவியல் முறைகளைச் செய்யவேணும், தெரிஞ்ச கலவைகள் செய்து மொடல் கட்டி, மொடல் காணாத சாம்பிளில சோதிக்கவேணும். மொடல் கட்டின அதே சாம்பிளில சோதிச்சுப்போட்டு 'நூறு வீதம் சரி' எண்டு எழுதிற பேப்பர்கள் நிறையக் கிடக்கு, அதை வாசிச்சு ஏமாறாதேங்கோ.

கறுவாவும் நல்ல விசயம், ஆனா அதில ஒரு பொறி இருக்கு. கறுவாவுக்கு வாசம் குடுக்கிற சினமல்டிகைட்டின்ட காபன்-ஒட்சிசன் இரட்டைப் பிணைப்பு 1670, 1680 பக்கம் வரும், சாதாரண அல்டிகைட்டைவிடக் கீழ, பக்கத்து இரட்டைப் பிணைப்போட இலத்திரன் பகிர்றதால. இதைக் கண்டவுடன இது சிலோன் கறுவாதான் எண்டு சொல்ல ஏலாது, கசியா எண்ட மற்ற இனக் கறுவாவிலயும் அதே சேர்வைதான் கூட இருக்கு. பிரிக்கிறதெண்டா கூமரின் எண்ட இன்னொரு சேர்வை பக்கம் போகவேணும், சிலோன் கறுவாவில அது மிகக் குறைவு. இப்பிடி எங்க கோடு பேசும், எங்க பேசாது எண்டு தெரிஞ்சுகொண்டு ப்ரொஜெக்டை எழுதிக்கொண்டு போனா சூப்பர்வைசர் உங்களை வேற மாதிரிப் பாப்பார்.

சூப்பர்வைசரைத் தெரிவு செய்யேக்க பேரைப் பாக்காமல் அவரிட்ட இப்ப இருக்கிற ஸ்டூடன்சிட்ட போய்க் கதையுங்கோ. கிழமைக்கு ஒருக்காவாவது சந்திப்பாரா, ட்ராஃப்ட் குடுத்தா எப்ப திருப்பித் தருவார், பேப்பரில ஆற்ற பேர் முதல் வரும். கன்டீனில ஒரு பிளேன்டீயோட இதெல்லாம் தெரிஞ்சிடும்.

லீவில ட்ரெய்னிங் கேட்டு எழுதுங்கோ. பௌத்தாலோக மாவத்தையில ஐடிஐ (கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம்), ஹோமாகம பக்கம் ஸ்லின்டெக் (நனோ தொழில்நுட்ப நிறுவனம்), கண்டி ஹந்தானையில என்ஐஎஃப்எஸ் (அடிப்படை ஆய்வு நிறுவனம்). ஹோமாகமவுக்கு 138 பஸ்ஸில போகலாம், காலமை வெள்ளன வெளிக்கிடுங்கோ, ஹைலெவல் ரோட் ட்ராஃபிக் எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. உங்கட கம்பஸில இல்லாத மெஷினை வேற இடத்தில காசு கட்டி ஓடுவிக்கலாம், சாம்பிளைக் குடுத்திட்டு பிடிஎஃப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வராதேங்கோ, ரோ டேட்டா ஃபைலையும் கேட்டு வாங்குங்கோ. பிடிஎஃப்பை வச்சு பேஸ்லைன் கழிக்க ஏலாது.

வெளியில சொல்லுறது

ப்ரொஜெக்ட் முடிஞ்சா எஸ்எல்ஏஏஎஸ் (இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கம்) வருடாந்த செஷனுக்கு ஒரு அப்ஸ்ட்ராக்ட் அனுப்புங்கோ, 1944ல இருந்து இருக்கிற அமைப்பு, இன்ஸ்டிடியூட் ஒஃப் கெமிஸ்ட்ரியும் வருசா வருசம் வைக்குது. பத்து நிமிசம் மேடையில நிண்டு 'அந்த 1640 கோடு தண்ணி இல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறீங்கள்' எண்டு ஒரு பழைய புரொஃபெசர் கேக்கேக்க வாற வியர்வை நல்ல பயிற்சி. 'மூண்டு நாளில அக்செப்ட், காசு மட்டும் அனுப்பு' எண்டு வாற ஈமெயில் ஜேர்னலுக்கு ஒரு சதமும் குடுக்காதேங்கோ, அது சிவியில இருக்கிறதைவிட இல்லாமல் இருக்கிறது நல்லம்.

பிஎச்டிக்கு அப்ளை பண்ணுறது

இங்கயே எம்ஃபில் (ரிசேர்ச் மாஸ்டர்ஸ்) செய்யலாம், பேராதனையில பிஜிஐஎஸ் எண்ட பட்டப்பின் விஞ்ஞான நிறுவனம் இருக்கு, கொழும்பிலயும் செய்யலாம், நஷனல் சயன்ஸ் ஃபவுண்டேசன் கிரான்டில உங்கட சூப்பர்வைசர் ரிசேர்ச் அசிஸ்டன்ட் எடுக்கிறாரா எண்டு கேட்டுவையுங்கோ. ஆனா வாயுநிலை, லேசர், ஹை ரெசலூசன் எண்டு ஆசை இருந்தா வெளியில போகத்தான் வேணும், அதை மறைச்சுச் சொல்லிப் பிரயோசனம் இல்லை.

அமெரிக்காவில கெமிஸ்ட்ரி பிஎச்டிக்கு பொதுவா ஃபீஸ் கட்டத் தேவையில்லை, டீச்சிங் அசிஸ்டன்ட் வேலை பாத்து சம்பளம் எடுத்துக்கொண்டு படிக்கிறது. மாஸ்டர்ஸ் இல்லாமல் ஸ்பெஷல் டிகிரியோட நேரா போகலாம். டெட்லைன் கூடுதலா டிசெம்பர், படிப்பு தொடங்கிறது அடுத்த ஓகஸ்ட். ஜிஆர்ஈ எண்ட நுழைவுப் பரீட்சையைக் கன இடத்தில இப்ப கேக்கிறதில்லை, ஆனா ஒவ்வொரு டிபார்ட்மென்ட் சைட்டையும் பாருங்கோ. ஜப்பான் எண்டா மெக்ஸ்ட் ஸ்கொலர்ஷிப், எம்பசி மூலமா, அதுக்கு முதல் ஒரு புரொஃபெசரோட கதைச்சு வச்சிருந்தா கை மேல பலன். ஜேர்மனிக்கு டாட் ஸ்கொலர்ஷிப், பிரிட்டனுக்கு கொமன்வெல்த் ஸ்கொலர்ஷிப். ஐஈஎல்டிஎஸ் இங்கிலீஸ் எக்ஸாம் பம்பலப்பிட்டிப் பக்கம் பிரிட்டிஷ் கவுன்சிலில எடுக்கலாம், ரிசல்ட் ரெண்டு வருசம்தான் செல்லும், அதால மூண்டாம் வருசத்திலயே ஓடிப்போய் எடுக்காதேங்கோ.

புரொஃபெசருக்கு ஈமெயில் எழுதுறது தனிக் கலை. 'மதிப்புக்குரிய ஐயா, உங்கட ரிசேர்ச் எனக்கு மிகவும் பிடிச்சிருக்கு' எண்டு நூறு பேருக்கு ஒரே கடிதம் அனுப்பினா நூறும் குப்பைக்குத்தான் போகும். எட்டு வரி போதும். அவற்ற கடைசிப் பேப்பரில ஒரு படத்தை எடுத்து, அதில ஒரு கோட்டைப் பற்றி உங்களுக்கு உண்மையா இருக்கிற ஒரு கேள்வியை எழுதுங்கோ. பிறகு நீங்கள் செய்தது ரெண்டு வரி. எச்சிஎல்லை நானே கணக்குப் போட்டுப் பிணைப்பு நீளம் எடுத்தன், ஐசோடோப் ஜோடியையும் பொருத்தினன், கோட் இங்க இருக்கு எண்டு ஒரு லிங்க். சிவி இணைப்பு. பதில் வராட்டி ரெண்டு கிழமைக்குப் பிறகு ஒருக்கா ஞாபகப்படுத்துங்கோ, அதுக்கு மேல வேண்டாம், அவையளுக்கும் கோபம் வரும்.

ரெக்கமன்டேசன் கூடுதலா மூண்டு கேப்பினம். ஆறு கிழமைக்கு முதலே உங்கட சேர், மிஸ்ஸிட்ட கேளுங்கோ, கேக்கேக்க நீங்கள் செய்த வேலையின்ட ஒரு பக்கச் சுருக்கத்தையும் குடுங்கோ, அவையள் இருநூறு பிள்ளையளைப் பாத்தவை, உங்கட பெல்லட் கதை ஞாபகத்தில இருக்காது. ஒரு லெட்டராவது உங்களை லாபில கண்ட ஆளிட்ட இருந்து வரவேணும்.

போன பிறகு குரூப் தெரிவு செய்யேக்க அவசரப்படாதேங்கோ, முதல் வருசத்தில ரெண்டு மூண்டு லாபைச் சுத்திப் பாக்க விடுவினம். பிறகு திரும்பி வந்து இங்க லெக்சரரா சேர யோசிக்கிற ஆக்களுக்கு ஒரு விசயம், இங்க வேக்கன்சி பேப்பரிலயும் யூனிவர்சிட்டி சைட்டிலயும் வரும், வந்தா அப்ளை பண்ண நேரம் அவ்வளவா இருக்காது. வெறும் வாயுநிலை ஸ்பெக்ட்ரோஸ்கோபி மட்டும் தெரிஞ்ச ஆளுக்கு இங்க லாப் கட்டுறது கஷ்டம், அதோட உணவு, மருந்து, சூழல் எண்டு ஏதாவது ஒரு அனலிட்டிக்கல் பக்கமும் கையில இருந்தா கம்பஸும் எடுக்கும், கம்பனியளின்ட கியூசி (தரக் கட்டுப்பாட்டு) லாபும் எடுக்கும்.

வெளிக்கிட முதல் செய்யவேண்டியது: ட்ரான்ஸ்கிரிப்ட் சீல் பண்ணினது ஒண்டுக்கு மூண்டா எடுத்து வையுங்கோ, டிகிரி எண்டைக்கு இருந்து செல்லும் எண்டு ரெஜிஸ்ட்ராரிட்ட ஒரு கடிதமும் எடுங்கோ, கொன்வொகேசன் பிந்தினா விசாவுக்கு அந்தக் கடிதம்தான் உதவும். லாப் நோட்புக்கின்ட போட்டோ, ரோ டேட்டா எல்லாத்தையும் சூப்பர்வைசரிட்டக் கேட்டு ரெண்டு இடத்தில கொப்பி பண்ணுங்கோ, ஒண்டு வீட்டில அம்மாட்ட இருக்கட்டும்.